தொப்பூர் மேட்டில் லோடோடு ஏறும்போது இழுவை போகிறது, காலி வண்டியில் ஒன்றுமில்லை. டர்போ மாற்ற வேண்டுமா?

கேட்டவர் – 12 சக்கர லாரி, நாமக்கல்

அண்ணன்மாரே, வண்டி 2018 மாடல், பிஎஸ்4 (புகைக் கட்டுப்பாட்டு விதி), ஆறு சிலிண்டர், காமன் ரெயில். செகண்ட்ஸில் வாங்கியது. ஜவ்வரிசி லோடு ஏற்றி சேலத்தில் இருந்து பெங்களூரு பக்கம் போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் திணறுகிறது. முன்பு ஐந்தாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது மூன்றாவதுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தாலும் ஆர்பிஎம் 1100-க்கு விழுந்து அங்கேயே நிற்கிறது. புகை லேசாகக் கறுப்பு. மைலேஜும் இறங்கிவிட்டது. திரும்பி வரும்போது காலி வண்டி பறக்கிறது.

டீசல் ஃபில்டர் இரண்டும் மாற்றியாச்சு, ஏர் ஃபில்டரும் புதுசு. மேட்டில் ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) 0.7 பாருக்கு மேல் ஏறவில்லை. ‘டர்போ போச்சு, நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும்’ என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில் – டேங்கர் டிரைவர்

டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் தம்பி. டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். எனக்கும் இப்படித்தான் வந்தது, கழுவியதும் சரியாகிவிட்டது.

பதில் – டீசல் மெக்கானிக், சங்ககிரி

டேங்கைக் கழுவுவது நல்லதுதான், ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தில்லை. டீசல் போதாமல் இழுவை போனால் புகையே இருக்காது, வண்டி வெறுமனே சோர்ந்து போகும். கறுப்புப் புகை என்றால் டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்றுதான் போதவில்லை. பழைய பம்ப் வண்டி மாதிரி கன்னங்கரேல் என்று கக்கும் என எதிர்பார்க்காதீர்கள். காமன் ரெயில் வண்டியில் பூஸ்ட் குறைந்ததும் ஈசிஎம் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) தானே டீசலைக் குறைத்துவிடும். லேசாகக் கறுப்பு வந்தாலே காற்றுப் பக்கம் போய்விடுங்கள்.

டர்போ மேல் கை வைக்கும் முன்னால் இவற்றைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் தகடு (புகைக் குழாயை அடைத்து வண்டி வேகத்தைக் குறைப்பது) முழுசாகத் திறக்கிறதா? கரி பிடித்துப் பாதியில் நின்றால் இதே கதைதான். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ், வரும் ஹோஸ் இரண்டிலும் 1 பார் காற்று அடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து லீக் பாருங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச், உங்களுக்கு ஆர்பிஎம்மே விழுவதால் அதை விட்டுவிடலாம். லோடு இறக்கியதும் சக்கர டிரம்களையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கேட்டவர்

எல்லாம் பார்த்தாச்சு அண்ணா. எக்ஸாஸ்ட் பிரேக் தகடு நன்றாகத் திறக்கிறது. காற்று அடைத்ததில் எங்கேயும் குமிழி இல்லை. டிரம் எல்லாம் ஒரே சூடு. டர்போ ஷாஃப்டை ஆட்டினால் கொஞ்சம் ஆடுகிறது, ஆனால் விசிறி சுவரில் உரசவில்லை, ஆயிலும் கசியவில்லை. ஏர் ஃபில்டர் இண்டிகேட்டர் பச்சையிலேயே இருக்கிறது.

பதில் – ஃப்ளீட் ஓனர்

அப்புறம் என்ன, டர்போதான். நாளைக் கடத்தாமல் மாற்றுங்கள்.

பதில் – டீசல் மெக்கானிக், சங்ககிரி

அவசரப்படாதீர்கள். உரசாத, கசியாத டர்போ திடீரென்று பாதி பூஸ்ட் கொடுக்காது. நீங்கள் சோதித்தது டர்போவுக்குப் பிறகு உள்ள பக்கம். அங்கே காற்று தள்ளுகிறது. டர்போவுக்கு முன்னால், ஃபில்டர் டப்பாவில் இருந்து வரும் பெரிய ரப்பர் ஹோஸில் காற்று உறிஞ்சப்படுகிறது. உள்ளே கம்பிச் சுருள் இல்லாத மட்டமான ஹோஸ் போட்டிருந்தால், சூட்டில் இளகி, முழு லோடில் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். இளநீர் ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் ஒட்டிக்கொள்வது போலத்தான். காற்றடைத்துச் சோதித்தால் ஹோஸ் விரியத்தான் செய்யும், லீக் எப்படிக் காட்டும்? இண்டிகேட்டர் ஃபில்டர் டப்பாவில் இருக்கிறது, அடைப்பு அதைத் தாண்டி. அதனால் பச்சைதான் காட்டும். காலி வண்டிக்கு அவ்வளவு காற்று தேவைப்படாது, அதனால் பறக்கிறது.

நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினால் இது தெரியாமல் போகலாம். கிளீனர் தம்பியின் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, ஹோஸ் தெரிகிற மாதிரி சேஸிஸில் இறுக்கிக் கட்டுங்கள், சைலன்சர் சூடு படாத இடமாக. லோடோடு மேட்டில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். ஓடும்போது யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்.

கேட்டவர்

அண்ணா, மாட்டிக்கிச்சு! மேடு தொடங்கும் வரை ஹோஸ் உருண்டையாக இருக்கிறது. நாலாவது கியரில் முழுசாக மிதித்ததும் வளைவில் மேல்பக்கம் குழிந்து, நடுவில் இரண்டு விரல் இடைவெளிதான் மிச்சம். காலை எடுத்ததும் பொம்மென்று பழையபடி ஆகிவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் கம்பியே இல்லை, உள் ரப்பரும் ஒரு பக்கம் தோலுரிந்து தொங்குகிறது. முன்னால் வைத்திருந்தவர் மாற்றியிருக்கிறார் போல. கம்பி வைத்த ஹோஸ் வாங்கிப் போட்டேன். அதே லோடு, அதே மேடு, ஐந்தாவதிலேயே ஏறியது. பூஸ்ட் 1.5 தொட்டது.

பதில் – டீசல் மெக்கானிக், சங்ககிரி

சந்தோஷம் தம்பி. ஒன்று மட்டும் பாக்கி. உள் ரப்பர் பிய்ந்த துண்டு டர்போவுக்குள் போயிருக்கலாம். புது ஹோஸை ஒரு தடவை கழற்றி, டார்ச் அடித்து விசிறி இதழ்களின் முனையைப் பாருங்கள். வளைவோ முறிவோ இருந்தால் அப்போது டர்போ பற்றிப் பேசலாம்.

பதில் – டிப்பர், கிருஷ்ணகிரி

என் வண்டி பிஎஸ்6, மேட்டில் இதே மாதிரி இழுவை இல்லை. புகையும் இல்லை. நானும் ஹோஸைப் பார்க்கவா?

பதில் – டீசல் மெக்கானிக், சங்ககிரி

உங்களுக்கு வேறு வழி. பிஎஸ்6-ல் புகைக் குழாயில் உள்ள டிபிஎஃப் என்ற ஃபில்டர் கரியைப் பிடித்துவிடும், புகையை வைத்து எதையும் சொல்ல முடியாது. டேஷ்போர்டில் யூரியா (புகையைச் சுத்தமாக்க ஊற்றும் திரவம்) விளக்கோ டிபிஎஃப் விளக்கோ எரிகிறதா பாருங்கள். யூரியா தீர்ந்தாலோ மட்டமாக இருந்தாலோ, டிபிஎஃப்பில் கரி நிறைந்தாலோ வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் வரும் எரர் கோடு (code) நம்பரோடு தனியாகக் கேளுங்கள்.

கேட்டவர்

விசிறி பார்த்தேன் அண்ணா, இதழ் எல்லாம் நேராகத்தான் இருக்கிறது. டர்போவைத் தொடவில்லை.