பழைய லூயி விட்டோன் பை: கைப்பிடி மட்டும் மாற்றப்பட்டதா, பையே போலியா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் ஒரு தனிநபரிடமிருந்து லூயி விட்டோன் ஸ்பீடி 30 மோனோகிராம் கைப்பை ஒன்றை வாங்கினேன்; அது அசல்தானா என்று என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. ரசீது இல்லை. திருப்பித் தருவதற்கு வரும் சனிக்கிழமை வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்.

உள்ளே 'எஸ்பி 4190' என்ற குறியீடு உள்ளது. 2007 முதல் வந்த முறைப்படி ஒன்றாம், மூன்றாம் இலக்கங்கள் வாரத்தையும், இரண்டாம், நான்காம் இலக்கங்கள் ஆண்டையும் குறிப்பதால், பை 2010-இன் 49ஆவது வாரத்தைச் சேர்ந்தது. விற்றவர் சொன்ன ஆண்டும் அதுவே. ஆனால் போலிகளிலும் இத்தகைய குறியீட்டை அச்சிடுகிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. குறியீட்டுக்குப் பதிலாகப் பையினுள் பதிக்கப்படும் மைக்ரோசிப் 2021-இல்தான் வந்தது என்பதால் அந்த வழியும் இல்லை. அடிப்பகுதி தையலின்றி ஒரே கேன்வாஸாக இருப்பதும், அதனால் ஒரு பக்கத்தில் மோனோகிராமின் 'எல்வி' எழுத்துகள் தலைகீழாகத் தெரிவதும் சரியாகவே உள்ளன.

உறுத்துவது கைப்பிடிதான். பூச்சில்லாத அந்தத் தோல் வெளிச்சமும் கையின் எண்ணெய்ப்பசையும் பட்டு நாளடைவில் தேன்நிறமாக மாற வேண்டும். ஓரத் தோல்கள் அவ்வாறே மாறியிருக்க, கைப்பிடிகள் மட்டும் புதியனபோல் வெளுத்திருக்கின்றன. பழுதுபார்க்கக் கொடுத்தபோது நிறுவனமே மாற்றித் தந்ததாக விற்றவர் சொல்கிறார்.

நிறுவனம் மாற்றிய கைப்பிடியையும் வெளியாள் பொருத்திய கைப்பிடியையும் தையல், ரிவெட், ஓரப்பூச்சு ஆகியவற்றில் எதைப் பார்த்துப் பிரித்தறிவது?