அத்தையின் ஈசிஜி: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

மாலதி அத்தை: நாளை மறுநாள் எனக்கு ஈசிஜி, அதாவது இதயத்தின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் பரிசோதனை, எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேலாடையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. எடுப்பவர் ஆணாக இருந்தால் எழுந்து வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

கவிதா: அத்தை, கூச்சப்படுவது இயல்புதான், அதற்காகப் பரிசோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். அந்தத் துடிப்பை உணரும் மின்முனைகளை, கை கால்களில் நான்கு, மார்பில் ஆறு எனப் பத்து இடங்களில் ஒட்டுவார்கள். மார்பில் ஒட்டுவதை விலா எலும்புகளுக்கு இடையே விரலால் தடவி எண்ணிப் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். இடம் மாறினால் பதிவு தவறாகிவிடும் என்பதால்தான் உள்ளாடையையும் கழற்றச் சொல்கிறார்கள். ஒட்டி முடித்ததும் துணியால் போர்த்திக்கொள்ளலாம். பதிவுக்குப் பத்து விநாடிகள் போதும்.

ராகவன் பெரியப்பா: மருத்துவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றுதானே நமக்குச் சொல்லி வளர்த்தார்கள், மாலதி?

கவிதா: நோயை மறைக்கக் கூடாது என்பது சரிதான், பெரியப்பா, தேவையின்றி உடலைத் திறந்து காட்டச் சொல்வது வேறு. 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்பது முறையல்ல என்று தயங்கி, தாளைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். காதை நேரடியாக வைத்துக் கேட்பதைவிட இதயத்துடிப்பு தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்ததே அப்படித்தான்.

செல்வம்: உங்கள் மருத்துவமனைக்கு வேறு நாட்டிலிருந்தும் வேறு மதத்திலிருந்தும் வருபவர்களின் வழக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும், அக்கா?

கவிதா: உடையை வைத்து ஊகிக்கக் கூடாது, செல்வம், கேட்கத்தான் வேண்டும். முக்காடு அணிந்தவர் ஆண் மருத்துவரை ஏற்றுக்கொள்ளலாம், அணியாதவர் மறுக்கலாம். ஒருமுறை, எங்கள் மொழி தெரியாத ஓர் அம்மாவுக்காக அவருடைய மகன் பேசினார். வயிற்றுவலி என்பதற்கு மேல் எதுவும் வெளிவரவில்லை. மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பெண் மொழிபெயர்ப்பாளரை அழைத்த பிறகுதான், மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளுக்குப் பின் இரத்தப்போக்கு இருப்பதை அவர் சொன்னார். உடனே ஆராய வேண்டிய அறிகுறி அது. மகன் எதிரில் எந்தத் தாய் அதைச் சொல்வார்?

ராகவன் பெரியப்பா: ஆண் மருத்துவர்தான் வேண்டும் என்று ஆண்களும் கேட்கலாமா, அம்மா? எனக்குப் புரோஸ்டேட் சுரப்பிப் பரிசோதனை இருக்கிறது.

கவிதா: தாராளமாகக் கேளுங்கள், பெரியப்பா. எங்கே, எதற்காகத் தொடப் போகிறார் என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும்.

மாலதி அத்தை: பெண் பணியாளர் இருப்பாரா என்று காலையிலேயே தொலைபேசியில் கேட்டுவிடுகிறேன். இல்லையென்றால் நீ உடன் வருவாயா, கவிதா?

கவிதா: கட்டாயம் வருகிறேன், அத்தை. திரைக்குள் உங்கள் அருகில் நிற்க நான் அனுமதி கேட்கிறேன். முன்பக்கம் திறக்கும் மேலாடையை அணிந்து வாருங்கள்.