புதுப்பிப்பு: மகளின் காதோரக் கட்டியும் என் பயமும்

இரண்டு மாதத்துக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன்: அக்கா மார்பகப் புற்றுநோயில் போன பிறகு, ஏழு வயது மகளின் காதுக்குப் பின்னால் பயறளவு கட்டி ஒன்றைக் கண்டு, தினமும் இரவில் டார்ச் அடித்துத் தடவிப் பார்க்கிறேன் என்று. பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

களியக்காவிளையில் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அவர் கட்டியை விட்டுவிட்டு முதலில் தலைமுடியைத்தான் பிரித்துப் பார்த்தார். பேன்! சொறிந்து சொறிந்து தலை புண்ணானதால் நிணநீர்க் கணு (தொற்றை எதிர்க்கும் சிறு முடிச்சு) வீங்கியிருக்கிறது. மென்மையாக, விரலுக்கடியில் நழுவினால் பெரும்பாலும் கவலையில்லை. கெட்டியாக நகராமல் இருந்தாலோ, 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்தாலோ, காரை எலும்புக்கு (கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் எலும்பு) மேலே வந்தாலோ, காய்ச்சலும் எடைக்குறைவும் தொடர்ந்தாலோ உடனே காட்ட வேண்டும் என்றார். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவதில்லை என்றும் சொன்னார்.

பேன் சீப்பு கட்டியைக் கரைத்துவிட்டது, பயத்தைக் கரைக்கவில்லை. அதற்கு உதவியது, "ஞாயிறு மட்டும் பாருங்கள்" என்று உங்களில் ஒருவர் சொன்ன யோசனை. முதல் வாரம் நரகம். செவ்வாய் இரவே கை தானாகப் போனது. போன ஞாயிறோ, பார்க்கவே மறந்துவிட்டேன். பயத்தை நோட்டில் எழுதும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை; எழுத எழுதப் பெருகியது.

எதிர்பாராதது ஒன்று: மகள் தன் பொம்மையின் காதுக்குப் பின்னால் தடவி, "வலிக்கிறதா மக்களே?" என்று என் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றுதான் டார்ச்சை அலமாரிக்கு மேல் தூக்கி வைத்தேன்.