உண்மையாய் இருக்கிறது மனுசிக்கு மட்டுமா?

இலங்கை, விசுவமடுவிலிருந்து ஒரு தையல்காரி:

கூறைப் பிளவுசுக்கு அளவெடுக்கும்போது பொம்பிளைப் பிள்ளைகளும் தாய்மாரும் மனம்விட்டுக் கதைப்பார்கள். கொஞ்சக் காலமாக அந்தக் கதை மாறிவிட்டது. முன்பெல்லாம் மாப்பிள்ளை என்ன வேலை, குடிக்கிறவரா என்பதோடு விசாரிப்பு முடியும். இப்போது "வேறு யாரோடையும் தொடர்பு இருக்கோ" என்றும் கேட்கிறார்கள். கேட்பது தாய் இல்லை, பிள்ளை.

தர்மபுரத்துத் தங்கச்சி ஒருத்திக்குக் கட்டாரில் வேலை செய்கிற பெடியனைப் பேசியிருந்தது. கைக்கு அளவு எடுக்கும்போதே அவனுடைய போன் வந்தது. யாருடன் நிற்கிறாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறான் போல. அவள் சத்தம் போடவில்லை. "தையல் கடையில நிற்கிறன். இரவு பத்து மணிக்கு நீங்கள் எங்க நிற்கிறீங்கள் என்று நான் கேட்டாச் சொல்லுவீங்கள்தானே? அப்ப நானும் சொல்லுவன்" என்றாள். தாய்க்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. தாலிக்கு முதல் விவாகப் பதிவு நடக்க வேண்டும் என்றும் பிடிவாதமாக நின்றாள்.

அதற்குக் காரணம் அவளுடைய பெரியம்மாவின் மகள். 2008இல், போர் நடந்த நேரம், இயக்கத்தின் ஆட்பிடிப்புக்குப் பயந்து, கட்டினவர்களை விட்டுவிடுவார்கள் என்று நம்பி வன்னியில் எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு அவசரமாகக் கட்டிவைத்தார்கள். பதிவு எழுத யாருக்கு நேரம்? அந்த அக்காவுக்கும் பங்கருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். முகாமிலிருந்து வந்தபிறகு அக்காவின் புருசன் வவுனியாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே இன்னொருத்தியைப் பதிவு எழுதியே கட்டினார். "ஆம்பிளைதானே, செலவுக்குக் காசு அனுப்புறான்தானே" என்றது ஊர். காசு அனுப்பினால் துரோகம் இல்லாமல் போய்விடுமா? வழக்கப்படி தாலி கட்டினதும் கலியாணம்தான், ஆனால் நீதிமன்றத்தில் நிரூபிக்கச் சாட்சி வேண்டும். சாட்சி சொல்லக்கூடியவர்களில் பாதிப்பேர் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டார்கள்.

அதே ஊர் இன்னொரு அக்காவை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் கையளித்தவர். இன்னும் பொட்டோடுதான் இருக்கிறார். மனைவியை இழந்த ஒரு மேசன், நல்ல மனுசன், அவரைக் கேட்டு வந்தார். வளர்ந்த மகன், "அம்மா, உங்களுக்கு விருப்பமென்றால் எனக்குச் சம்மதம்" என்றான். மாமியாரோ, "என்ர பிள்ளை நாளைக்கு வந்து நின்றால் என்ன சொல்லுவாய்?" என்று கேட்டாராம். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி ஆளைக் காணவில்லை என்ற சான்றிதழ் எடுக்கலாம். காணி, வங்கி அலுவல்களுக்கு அது உதவும். மறுபடி பதிவு எழுத மரணச் சான்றிதழ் கேட்பார்கள். அதை எடுப்பது தன் கையாலேயே அவரைக் கொல்வது போல என்கிறார் அக்கா. மேசனின் மோட்டார் சைக்கிள் வாசலில் கால்மணி நேரம் நின்றதற்கே கதை கட்டியவர்களுக்கு இது விளங்குமா? அவர் காத்திருந்தாலும் சரி, கட்டினாலும் சரி, துரோகம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

மல்லாவியிலிருந்து ஒருவர்:

என் மனுசி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவ. நுண்கடன் கட்ட வழியில்லாமல் போனது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து குந்தியிருந்தவர்களுக்குக் காசு கட்டியது அவவின் உழைப்பு. அவ போன நாளிலிருந்து தேத்தண்ணிக் கடையில், "மனுசி ஒழுங்காக் கதைக்கிறாவோ?" என்ற விசாரிப்புத்தான். தனிய இருந்த என்னை, "நீ ஒழுங்கா இருக்கிறியோ?" என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் கொடுப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தைச் சந்தேகக் கேள்வி கேட்டு முடிக்கவா? பிள்ளையின் படிப்பு, வயல் விதைத்த கதை, சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதுதான் கதைப்போம்.

தையல்கார அக்கா சொன்னதில் ஒன்று: பதிவு எழுதினாலும் எல்லாம் சரியாகிவிடாது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டப்படி இங்கே விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றுதான்: கள்ளத்தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது, கட்டும்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இருவரும் மனமொத்துப் பிரிய வழி கிடையாது. ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்கியே ஆகவேண்டும். என் தங்கச்சியின் புருசன் இன்னொரு வீட்டில் குடியிருப்பது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் வழக்கில் முதலில் இழுத்தது அவளுடைய நடத்தையைத்தான். அப்பாவின் சினேகிதர் அரிசி மூட்டை இறக்கிக் கொடுத்ததைக்கூடக் கதையாக்கினார்கள். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. தவணைக்குத் தவணை பஸ் ஏறிப் போகிறாள், நானும் கூடப் போகிறேன்.