‘ரிலே’க்குத் தமிழ்ச்சொல்: முகப்பு விளக்குக் கையேட்டுக்காக ஒரு விவாதம்

செந்தூல், கோலாலம்பூரிலிருந்து:

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய பிக்கப் வண்டிகளின் மங்கிய முகப்பு விளக்குகளை இரவுப் பயணத்துக்கேற்பச் சீர்செய்வது பற்றி நாம் எழுதிவரும் கையேட்டில் ஏனைய சொற்கள் பெரும்பாலும் படிந்துவிட்டன. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, உருகி (ஃபியூஸ்) ஆகியவற்றில் சிக்கல் இல்லை. ‘எர்த்’ என்பதைப் புவியிணைப்பு என்று எழுதியிருந்தோம். ரப்பர்ச் சக்கரத்தின்மேல் நிற்கும் வண்டிக்குப் புவியோடு என்ன இணைப்பு என்று ஒருவர் கேட்டபின் அது அடிச்சட்ட இணைப்பு ஆகிவிட்டது. எஞ்சி நிற்பது, சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ‘ரிலே’ ஒன்றுதான். கையேட்டின் நடு இயலே அந்தப் பொருளைப் பற்றியது என்பதால், அதை அப்படியே விட்டுவிடலாம் என்ற கருத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

சொல் எதுவாயினும், அந்தப் பொருள் செய்யும் வேலையிலிருந்து அது பிறக்க வேண்டும் என்பது என் நிலை. ஆகவே வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய பிக்கப்கள் பலவற்றில், மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம் உருகிப் பெட்டியைக் கடந்து, ஓட்டுநரின் கைக்கெட்டும் விளக்குச் சுவிட்சுக்கு வந்து, ஸ்டீயரிங் தண்டை ஒட்டிய நெம்புகோலில் தாழொளி (லோ பீம்), உயரொளி (ஹை பீம்) என்று பிரிந்து, மறுபடியும் எஞ்சின் அறைக்குள் நுழைந்து விளக்கை அடைகிறது. எச்4 ஹாலோஜன் குமிழ் உயரொளியில் 60 வாட், தாழொளியில் 55 வாட் எடுக்கும். இரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 ஆம்பியர், கட்டைவிரல் அளவுள்ள ஒரு சுவிட்சின் வழியாக ஓட வேண்டியிருக்கிறது. 0.85 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.02 ஓம்; அதில் 10 ஆம்பியர் 4 மீட்டர் ஓடினாலே 0.8 வோல்ட் கம்பியில் கரைந்துவிடும். தேய்ந்த தொடுமுனைகளும், நம் ஊர் ஈரத்தில் பச்சை பூத்த செருகிகளும், துருவேறிய அடிச்சட்ட இணைப்பும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு விளக்குக்கு வந்து சேருவது சில வண்டிகளில் 11.5 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது மின்கல முனையில் 14 வோல்ட் அளவில் இருந்தும் இந்நிலை.

ஹாலோஜன் குமிழின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் இறங்குவதில்லை. மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 அடுக்கில் இறங்குகிறது. 13.2 வோல்ட்டில் 1650 லூமன் தரும் உயரொளி, 11.5 வோல்ட்டில் ஆயிரத்துச் சொச்சம்தான் தரும். கோம்பாக்கிலிருந்து பெந்தோங்குக்குப் போகும் பழைய சாலையில், மழை நனைத்த தார் ஒளியை ஓட்டுநர் பக்கம் திருப்பாமல் முன்னோக்கியே சிதறடித்துவிடும் வேளையில், அந்த இழப்பு கண்ணுக்கு நன்றாகவே தெரியும். குமிழை மாற்றியும் ஒளி கூடவில்லையே என்று வியப்பவர்கள் பெரும்பாலும் கம்பியை அளந்து பார்ப்பதில்லை.

ரிலே இந்தப் பாதையை இரண்டாக வெட்டுகிறது. பழைய சுவிட்சின் வழியாக இனி 0.2 ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டமே போய், ரிலேக்குள் இருக்கும் சுருளைக் காந்தமாக்குகிறது. காந்தம் ஒரு தகட்டை இழுக்க, மின்கலத்திலிருந்து தடித்த கம்பியில் குறுக்குவழியாக வந்து காத்திருக்கும் 10 ஆம்பியர் விளக்குக்குப் பாய்கிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும், மின்கலத்துக்கு அருகிலேயே தனி உருகியும் போட்டால், இழந்த மின்னழுத்தத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலப் பெயர் தந்தி காலத்தது. நீண்ட கம்பியில் சோர்ந்துபோன குறியைப் புதிய மின்கலத்தின் வலுவோடு அடுத்த கட்டத்துக்கு அனுப்பிய கருவிக்கு, வழியில் களைத்த குதிரையை மாற்றும் வழக்கத்தின் பெயரை வைத்தார்கள். மலாய்க்காரர்களும் அந்தக் கருத்தையே பின்பற்றி, மாற்று என்று பொருள்படும் ‘கந்தி’யின் முதலசையை இரட்டித்து ‘கெகந்தி’ என்றார்கள். நாமும் அவ்வழியே போனால் அஞ்சல் ஓட்டத்தில் வரும் ‘அஞ்சல்’ கிடைக்கும். ஆனால் மின்கருவி என்று காட்ட அதற்கு முன்னால் ‘மின்’ சேர்த்த கணமே அது மின்னஞ்சலாகி, விளக்குப் பெட்டிக்குள் கடிதம் வந்துவிடும். அதைவிட முதன்மையான குறை ஒன்று உண்டு. முகப்பு விளக்குச் சுற்றில் ரிலே எதையும் கைமாற்றிக் கொடுப்பதில்லை. சுருளில் ஓடிய மின்னோட்டம் சுருளோடு முடிகிறது. விளக்குக்குப் போவது வேறொரு மின்னோட்டம். சிறியது கட்டளையிட, பெரியது வேலைக்குப் போகிறது. ஆகவே ‘ஏவல்’ என்ற சொல்லையே அடியாகக் கொள்ள விரும்புகிறேன். இலங்கைத் தமிழில் சுவிட்சுக்கு ‘ஆளி’ என்ற சொல் வழங்குகிறது. ஏவலின்படி இயங்கும் ஆளி ‘ஏவலாளி’ ஆகும். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து மறுமொழி:

ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் மொழி படித்தவன் அல்லன், கார் வயர்மேன். ஆயினும் இந்த வேலையில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘ஏவலாளி’ எனக்குப் பிடித்திருக்கிறது. தோட்டத்தில் கங்காணி குரல் கொடுத்தால் போதும், கூடையைச் சுமக்க வேறு ஆள் உண்டு. சுவிட்சு கங்காணி, ரிலே சுமக்கும் ஆள். இதைச் சொன்னால் புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கும் உடனே விளங்கிவிடும்.

கையேட்டில் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதுங்கள். எல்லா வண்டியிலும் சுவிட்சு நேர்முனைப் பக்கம் இருப்பதில்லை. டொயோட்டா போன்ற ஜப்பானியப் பழைய பிக்கப்கள் சிலவற்றில் குமிழுக்கு நேர்முனை எப்போதும் வந்துகொண்டே இருக்கும். சுவிட்சு அடிச்சட்டப் பக்கத்தைத்தான் திறந்து மூடும். அந்த வண்டியில் ரிலேயின் சுருள் முனைகளான 85, 86 இரண்டில் ஒன்றுக்கு நேர்முனையைக் கொடுத்து, மற்றதைப் பழைய சுவிட்சுக் கம்பியோடு சேர்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் படத்தில் உள்ளபடியே கம்பி இழுத்தால் விளக்கு எரியாது. வண்டிக்காரர் ரிலேயைக் குறைசொல்வார். ஆகவே ரிலேயின் தமிழ்ப் பெயரோடு, அதன் முனைகளுக்கும் பெயர் வேண்டும். 30, 85, 86, 87 என்ற ஜெர்மானியத் தர எண்கள் டப்பாவிலேயே அச்சாகி வருவதால் எண்களை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. பளிச்சென்று இருக்கும் என்று 100/90 வாட் குமிழைப் பழைய கம்பியிலேயே மாட்டுபவர்கள் உண்டு. செருகி இளகி வழிந்த நிலையில் என்னிடம் வரும் வண்டிகளில் பல இவ்வகையின. ஹாலோஜனுக்கு என்று வார்த்த கூட்டில் எல்இடி குமிழைச் செருகுவதும் நல்லதன்று. இழை இருக்க வேண்டிய புள்ளியிலிருந்து ஒளி பிறக்காவிட்டால் எதிரே வருபவரின் கண்தான் கூசும்; சாலையில் தேவையான இடத்தில் ஒளி விழாது.

சுங்கை பக்காப்பிலிருந்து மறுமொழி:

அன்பர்களுக்கு வணக்கம். வயர்மேன் ஐயா சொன்ன உவமைதான் என்னைத் தயங்க வைக்கிறது. நான் பாடம் சொல்லும் பிள்ளைகளில் பலருடைய பாட்டன் பாட்டி கங்காணியின் குரலுக்கு ஓடியவர்கள். ‘ஏவலாளி’ என்றால் அகராதியில் குற்றேவல் செய்பவன் என்றுதான் பொருள். கணினித் துறையிலேயே எஜமான், அடிமை என்ற பொருளில் வழங்கிய ஆங்கிலப் பெயர்களை அண்மை ஆண்டுகளில் பலரும் கைவிட்டு வருகையில், நாம் புதிதாக ஒரு கருவிக்கு வேலைக்காரப் பெயர் சூட்ட வேண்டுமா? தொழிலாளி, நோயாளி என்று மனிதரைக் குறித்தே பழகிய விகுதி என்பதால், ‘ஏவலாளி பழுதாகிவிட்டது’ என்ற வாக்கியமும் செவிக்கு உறுத்துகிறது.

ஏவு, ஆளி இரண்டையும் சேர்த்து ‘ஏவாளி’ என்று சுருக்கலாமா என்று பார்த்தேன். முழுமையாக ஒலிக்கும் உகரமாகிய முற்றியலுகரம், உயிர் வந்தால் ஒரோவழி (சில இடங்களில்) கெடும் என்பதால் இலக்கணம் இடம்தரும். ஆனால் ஆதாமின் துணைவியார் நினைவுக்கு வந்துவிடுகிறார். ‘ஏவு’ என்னும் வினையை வைத்துக்கொண்டு, ஆளியை விட்டுவிட்டு, ‘மின்னேவி’ என்றால் என்ன? மூன்று அசையில் முடிகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் பிழையின்றி எழுதும்.

செந்தூலிலிருந்து:

ஆசிரியை அம்மாவின் மறுப்பு நியாயமானது. ‘மின்னேவி’யில் எனக்கு முதலில் ஓர் ஐயம் இருந்தது. ஏவி என்றால் ஏவுவது, ரிலேயோ ஏவப்படுவது. ஆனால் சுற்றை மறுபடியும் பார்த்தால், அது சுவிட்சால் ஏவப்பட்டதும் பெரிய மின்னோட்டத்தை விளக்கை நோக்கி ஏவுகிறது என்று கொள்ளலாம். இருபுறமும் பொருந்துவதால் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஏவுகணையோடு குழம்புமோ என்று தனி மடலில் ஒருவர் கேட்டார். உருகிப் பெட்டிக்குள் கையை விட்டவர் யாரும் ஏவுகணையை எதிர்பார்க்க மாட்டார்.

ஒரு கலைச்சொல் நிலைக்குமா என்பதை அது ஈனும் கிளைச்சொற்களை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். உள்ளிருக்கும் சுருள் ‘ஏவற்சுருள்’. 85, 86 இரண்டும் ‘ஏவுமுனைகள்’. சுமையைத் தாங்கும் 30, 87 இரண்டும் ‘பணிமுனைகள்’. திருப்ப விளக்கை மினுக்குவது ‘மினுக்கு மின்னேவி’. தகடும் காந்தமும் இல்லாமல் குறைகடத்தியால் இயங்குவது ‘திண்மநிலை மின்னேவி’. எதுவும் இடறவில்லை. ‘அஞ்சல்’ இத்தனை தூரம் வந்திருக்காது.

வயர்மேன் ஐயா சொன்ன இரண்டு வகைச் சுற்றையும் சேர்த்து, கையேட்டின் அந்தப் பகுதியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, மின்கல முனைகளில் ஒருமுறையும் குமிழின் செருகியில் ஒருமுறையும் மின்னழுத்தத்தை அளக்கவும். வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் முதலில் அடிச்சட்ட இணைப்பைத் துரு நீங்கத் தேய்த்து, இறுக்கி, மறுபடியும் அளக்கவும். அதன் பிறகும் குறையவில்லையானால் தாழொளிக்கு ஒன்றும் உயரொளிக்கு ஒன்றுமாக இரண்டு மின்னேவிகள் பொருத்த வேண்டும். கம்பி இழுக்கும் முன், சுவிட்சு நேர்முனைப் பக்கம் உள்ளதா, அடிச்சட்டப் பக்கம் உள்ளதா என்று உறுதிசெய்துகொள்ளவும். நேர்முனைப் பக்கமானால் பழைய விளக்குக் கம்பியை ஓர் ஏவுமுனையிலும், மற்றோர் ஏவுமுனையை அடிச்சட்டத்திலும் சேர்க்கவும். அடிச்சட்டப் பக்கமானால் ஓர் ஏவுமுனைக்கு உருகி வழியாக நேர்முனையைக் கொடுத்து, மற்றதில் பழைய கம்பியைச் சேர்க்கவும். ஒளி கூடிய பின், சமதரையில் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி விளக்கின் குறியைச் சரிபார்க்காமல் சாலைக்குச் செல்லக்கூடாது.”

முதல் இடத்தில் மட்டும் ‘மின்னேவி என்னும் ரிலே’ என்று எழுதிவிடலாம். கடையில் போய்க் கேட்பவர் ரிலே என்றுதான் கேட்க வேண்டியிருக்கும். வெயிலில் மஞ்சள் பூத்த விளக்குக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் இயலை வயர்மேன் ஐயாவே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது கண்ணாடி அன்று, பாலிகார்பனேட் என்பதால், அதை ‘விளக்கு முகமூடி’ என்பதா ‘விளக்கு மேலுறை’ என்பதா என்பதை அடுத்த மடலில் பேசலாம். எனக்கு மேலுறையே போதுமென்று தோன்றுகிறது.