சமையல்கட்டுச் சுவரில் ஓட்டை விழவில்லை, பிட்தான் போகிறது – அவசரம்

பாலக்கோடு_பையன் | திங்கள் காலை 7:12
வணக்கம் நண்பர்களே. சமையல்கட்டுச் சுவரில் பைப் போக ஓட்டை போட வேண்டும். ட்ரில் வைத்தால் ஒன்றரை இஞ்ச் வரை சரசரவென்று போகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. புகைதான் வருகிறது. நேற்று மட்டும் இரண்டு பிட் போச்சு. வெள்ளிக்கிழமை வீட்டில் தங்கைக்கு வளைகாப்பு, அதற்குள் முடித்தாக வேண்டும். எந்த பிட் வாங்குவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர்_ஃபிட்டர் | 7:31
என்ன சுவர்? செங்கல்லா, ஹாலோ பிளாக்கா? கனம் எவ்வளவு? பைப் எத்தனை இஞ்ச்? மிஷின் என்ன? எதுவும் சொல்லாமல் பிட் மட்டும் கேட்டால் என்ன சொல்வது?

கம்பிவேலி | 7:40
இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கம்பிதான். கான்கிரீட் தூணில் கம்பிக்கு மேல் 40 மில்லி மூடாக்கு விடுவார்கள். 40 மில்லி என்றால் ஒன்றரை இஞ்ச். கணக்கு அப்படியே பொருந்துகிறது. உடனே நிறுத்துங்கள், தூணில் கை வைக்காதீர்கள்.

சேலத்து_ட்ரில் | 7:52
மிஷின் ரிவர்ஸில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே ஒரு முறை அரை மணி நேரம் ரிவர்ஸில் போட்டு பிட்டைக் கருக்கியிருக்கிறேன். அடுத்தது, மேலே சுத்தியல் படம் போட்ட பக்கம் குமிழைத் திருப்பியிருக்கிறீர்களா?

அனுபவஸ்தர் | 8:15
இதே கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. நான் முப்பது வருடமாகக் கட்டடம் கட்டுகிறேன், ஒரு நாளும் யாரிடமும் போய் "எந்த பிட்" என்று நின்றதில்லை. முதலில் சுவரைப் படிக்கத் தெரிய வேண்டும் தம்பி, மிஷின் வாங்குவது அப்புறம்.

பாலக்கோடு_பையன் | 8:47
மன்னிக்கவும் ஐயா, அவசரத்தில் போட்டுவிட்டேன். தாத்தா கட்டிய வீடு, கல் சுவர். ரிவர்ஸ் இல்லை, பார்த்துவிட்டேன். மிஷின் பச்சைக் கலர். பைப் சிங்க் பைப்.

ஓசூர்_ஃபிட்டர் | 8:55
கல் சுவர்! அதை முதல் வரியில் சொல்லியிருக்கலாமே. பச்சைக் கலர் என்பது பதில் இல்லை. பிட் மாட்டும் இடத்தில் சாவி போட்டு முறுக்குகிறீர்களா, இல்லை பிட்டை உள்ளே தள்ளினால் டக்கென்று உட்கார்ந்துகொள்கிறதா?

கம்பிவேலி | 9:02
கல் சுவராக இருந்தாலும் நடுவில் தூண் எழுப்பியிருக்கலாம். பின்னால் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நான் சொன்னதை ஒதுக்கிவிட வேண்டாம்.

பாலக்கோடு_பையன் | 9:20
சாவி போட்டு முறுக்குவது. சுவர் ஒன்றரை அடி இருக்கும். தூண் கிடையாது. பைப் ரெண்டு இஞ்ச்.

ஓசூர்_ஃபிட்டர் | 9:34
அப்படியென்றால் அது சாதா இம்பாக்ட் ட்ரில். பூச்சு ஒன்றரை இஞ்ச் போகும், அதுதான் உங்களுக்குச் சரசரவென்று போனது. அதற்குப் பின்னால் கருங்கல். நம் பக்கத்துக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் கனிமத்தின் கடினம், பத்து வரை போகும் மோஸ் அளவில் 7. இந்த மிஷின் கல்லைப் பலமாகத் தட்டவில்லை, தேய்க்கிறது. தேய்த்தால் பிட் முனைதான் சூடேறிக் கருகும். எத்தனை பிட் வாங்கினாலும் இதே கதைதான்.

இன்னொன்று. கடையில் ரெண்டு இஞ்ச் என்று கொடுக்கும் பி.வி.சி. பைப்பின் வெளி அளவு 63 மில்லி. ரெண்டு இஞ்ச் ஓட்டை 51 மில்லிதான். பைப் உள்ளேயே போகாது. குறைந்தது மூன்று இஞ்ச் வேண்டும். கோர் கட்டிங் ஆளைக் கூப்பிடுங்கள். வைர பிட், தண்ணீர் விட்டு அறுப்பார்கள், ஒரு மணி நேர வேலை.

மாங்கொட்டை | 9:50
எதற்கு செலவு? குவாரியில் விறகு எரித்துப் பாறையை ஏடு ஏடாகக் கிளப்பும் பழைய முறை இருக்கிறதே. கல்லைச் சூடாக்கிப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தானாக வெடிக்கும்.

சேலத்து_ட்ரில் | 9:53
சமையல்கட்டில், சிலிண்டர் பக்கத்தில். நல்ல யோசனை.

சம்மட்டி | 11:06
வேலையில் இருந்தேன், இப்போதுதான் பார்க்கிறேன். கோர் கட்டிங் ஆளைக் கூப்பிடும் முன் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். பூச்சைக் கீறினால் கல்லுக்கு நடுவில் என்ன கொட்டுகிறது? சிமெண்டா, சுண்ணாம்பா, மண்ணா?

பாலக்கோடு_பையன் | 11:15
செம்மண் கொட்டுகிறது அண்ணா.

சம்மட்டி | 12:40
அதுதான் நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மண் வைத்துக் கட்டிய கல் சுவர் ஒரே சுவர் கிடையாது. உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும். அதில் கோர் மிஷினை வைத்தால் இரண்டு தொல்லை. தண்ணீர் விட்டு அறுக்கும்போது உள்ளே மண் கரைந்து ஓடும், நாளைக்கு மேல் கல் இறங்கும். அடுத்தது, நடுவில் பிடிப்பில்லாத கல் பிட்டோடு சேர்ந்து சுற்றிச் சிக்கிக்கொள்ளும். கையில் பிடித்து ஓட்டினால் மணிக்கட்டை முறுக்கிவிடும். ஸ்டாண்டு போட்டு அடிக்கலாம் என்றால் நங்கூர போல்ட் பிடிக்கப் பூச்சு தாங்காது. சிமெண்டு வைத்துக் கட்டிய கல் சுவர் என்றால் ஃபிட்டர் சொன்னதுதான் சரி. இங்கே வேண்டாம்.

கல்லை விட்டுவிடுங்கள், கல்லுக்கு நடுவில் சந்து எங்கே என்று தேடுங்கள். ஓட்டை வர வேண்டிய இடத்தைச் சுற்றி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பூச்சை உளியால் எடுங்கள். கல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். பெரிய கல் இரண்டுக்கு நடுவில் சில்லு சொருகியிருப்பார்கள், அந்த இடம்தான் உங்கள் வழி. அதற்காக சிங்க் பைப்பை நாலு இஞ்ச் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தினாலும் தப்பில்லை, ஒரு எல்போதானே. சுவரின் இருபுறமும் பிடித்துக்கொண்டு குறுக்கே போகும் நீளக்கல் ஒன்று அங்கங்கே இருக்கும். தட்டினால் சத்தம் கனமாக வரும், அசையாது. அதைத் தொடவே தொடாதீர்கள், சுவரைக் கட்டி வைத்திருப்பதே அதுதான்.

மெல்லிய கடப்பாரையால் மண்ணைச் சுரண்டி, சில்லை நெம்பி எடுத்து, உள்ளிருந்து பாதி, வெளியிலிருந்து பாதி வாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வர, ஜன்னல் ஓரத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள், உயரத்துக்கு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்ப்பது). உள்பக்கம் சந்து இருக்கும் இடத்தில் வெளிப்பக்கம் பெரிய கல் நிற்கலாம், அப்படி நின்றால் இடம் மாற்றுங்கள், முட்டாதீர்கள்.

வெளிப்பக்கம் தாழ்வாக இருக்க வேண்டும். அடிக்குக் கால் இஞ்ச் போதும், ஒன்றரை அடிச் சுவருக்கு ஒரு சென்டிமீட்டர் சுமார். பைப்புக்கு மேல் 75 மில்லி பைப்பை உறையாக விட்டு அதற்குள் சொருகுங்கள், பின்னால் மாற்ற வேண்டி வந்தால் சுவரைத் தொட வேண்டாம். பைப்போடு பைப் சேரும் காலர் ஜாயிண்ட் சுவருக்குள் வரக்கூடாது. முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், கல் தூசு நெஞ்சுக்கு ஆகாது. கையுறையும் போடுங்கள். பழைய கல் சுவர், உள்ளே யார் குடியிருக்கிறார்களோ.

அனுபவஸ்தர் | 1:05
நான் சொன்னதும் இதுதான். சுவரைப் படிக்க வேண்டும் என்றேன்.

சேலத்து_ட்ரில் | 1:07
ஆமாம் ஐயா, அப்படியே இதே வரிகள்தான்.

ஓசூர்_ஃபிட்டர் | 1:30
மண் கட்டு என்பதை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சில்லு எடுத்த இடத்தைச் சிமெண்டு வைத்து இறுக்கலாமா?

சம்மட்டி | 1:48
சிமெண்டைக் கெட்டியாகப் போட்டால் அது ஒரு பக்கம், மண் ஒரு பக்கம் என்று விரிசல் விடும். எடுத்த சில்லையே சுற்றித் திரும்பச் சொருகி, சுண்ணாம்பும் மணலும் வைத்து அடையுங்கள்.

போச்சம்பள்ளி_அக்கா | 2:20
தம்பி, சிங்க் தண்ணீர் மட்டும்தானா, ஆர்.ஓ. கழிவும் அதில்தான் விடப் போகிறாயா? எங்கள் வீட்டில் அதைத் தனியாக வாளியில் பிடிக்கிறோம்.

மாங்கொட்டை | 2:31
ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு எதற்கு ஆர்.ஓ.? 2013-லேயே கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துவிட்டது. நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு உப்பு அதிகம் என்பதற்காகத்தானே ஜப்பான் கடனில் அதைக் கட்டினார்கள்.

போச்சம்பள்ளி_அக்கா | 2:40
குழாய்த் தண்ணீர் குடிக்க. போர் தண்ணீரும் வீட்டில் புழங்குகிறது இல்லையா? அவசரத்துக்கு அதில்தான் சோறு வைக்கிறோம். என் தலைமுறையில் பல்லில் காவி இல்லாதவர்களை எண்ணிவிடலாம்.

கம்பிவேலி | 2:44
நன்றாகக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதும். எல்லாம் செத்துவிடும்.

போச்சம்பள்ளி_அக்கா | 2:52
ஃப்ளோரைடு கிருமி இல்லை தம்பி, சாவதற்கு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் குறையும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர அளவு. ஆர்.ஓ. கழிவில் அது இன்னும் கூடுதலாகச் சேரும். அதனால்தான் கேட்டேன், அந்தத் தண்ணீரை ஆட்டுக்கு வைத்துவிடாதே, தரை கழுவ வைத்துக்கொள்.

மாங்கொட்டை | 3:10
உங்கள் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், அவர் தர்மபுரி. தண்ணீர் வேறு.

போச்சம்பள்ளி_அக்கா | 3:13
மாவட்டத்தைத்தான் 2004-ல் பிரித்தார்கள். பூமிக்கு அடியிலுமா கோடு போட்டார்கள்?

அனுபவஸ்தர் | 3:30
ஓட்டையைப் பற்றிக் கேட்ட இழை இது. தண்ணீரைப் பற்றி வேறு இழையில் பேசலாம். மேலும் சமையல்கட்டுக் கழிவு எந்த மூலையில் வெளியேறுகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அக்னி மூலையாக இருந்தால்...

சேலத்து_ட்ரில் | 3:33
அதற்கும் தனி இழை இருக்கிறது ஐயா.

ஓசூர்_ஃபிட்டர் | செவ்வாய் காலை 9:10
தம்பி, ஆரம்பித்தாயிற்றா?

சம்மட்டி | புதன் இரவு 8:25
சத்தமே இல்லை. சுவர் நிற்கிறதல்லவா?

பாலக்கோடு_பையன் | சனி காலை 10:02
ஆச்சு அண்ணா. மூன்று சில்லு எடுத்ததும் வழி விட்டது. உள்ளே ஒரு தேள் இருந்தது, கையுறை போட்டிருந்தேன். வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

ஓசூர்_ஃபிட்டர் | 10:15
உறை பைப் போட்டீர்களா? வாட்டம் எவ்வளவு வைத்தீர்கள்?

சம்மட்டி | 11:30
பூச்சை இப்போதே போட்டு மூடாதீர்கள். உள்ளே ஈரம் காய இரண்டு வாரமாவது விடுங்கள். அதுவரை வெளிப்பக்க இடைவெளியில் கம்பி வலை சொருகி வையுங்கள், இல்லையென்றால் எலியும் வரும்.

கம்பிவேலி | 11:52
தம்பி, தோண்டும்போது கம்பி எதுவும் கண்ணில் பட்டதா?