முந்திரி ஓட்டு கார்பன், பிஇடி லூப் மூடவே மாட்டேங்குது, உதவுங்க

வணக்கம் நண்பர்களே, பாண்டிச்சேரில பிஎச்டி பண்றேன். பண்ருட்டில இருந்து வாங்கின முந்திரி ஓட்டை கரியாக்கி, கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) போட்டு 700 டிகிரில ஆக்டிவேட் பண்ணின கார்பன் இது. துளையும் பரப்பளவும் அளக்கற பிஇடி டெஸ்ட்ல 77 கெல்வின்ல நைட்ரஜன் ஓட்டினா, வாயு வெளியேறற டிசார்ப்ஷன் கோடு ரிலேடிவ் பிரஷர் (பி/பி0) 0.42 பக்கத்துல, வாயு ஒட்டற அட்சார்ப்ஷன் கோட்டோட சேராம, கீழ கடைசி வரைக்கும் பிரிஞ்சே போகுது. மூணு வாரமா இதே கதை.

மெஷின் பழைய வால்யூமெட்ரிக் டைப், ரெண்டு ஸ்டேஷன். முதல்ல 150 டிகிரில மூணு மணி நேரம்தான் டீகேஸ் (சூடாக்கி ஈரம், வாயுவை வெளியேத்தறது) பண்ணேன், இங்க கடல் காத்து ஈரத்துக்கு அது பத்தலைன்னு இப்ப 300ல ராத்திரி முழுக்க வேக்கம்ல வைக்கிறேன், எடையும் டீகேஸுக்கு அப்புறம்தான் எடுக்கிறேன். ஒரு தடவை வால்வை சட்டுன்னு திறந்ததுல கரித்தூள் டியூப் கழுத்து வரைக்கும் ஏறிடுச்சு, அதை மறுபடி புதுசா போட்டேன். ஓ-ரிங் மாத்தியாச்சு, காலி டியூப் ரன் சுத்தமா இருக்கு, ரெஃபரன்ஸ் அலுமினா சரியான வேல்யூ தருது, அதனால லீக் இல்லைன்னு நம்புறேன். சாம்பிள் 0.05 கிராம்ல இருந்து 0.15 ஆக்கினேன், லூப் அப்படியே.

பிஇடி சமன்பாட்டை ரிலேடிவ் பிரஷர் 0.05ல இருந்து 0.3 வரைக்கும் ஃபிட் பண்ணப்போ அதோட சி வேல்யூ (ப்ளஸ்ல இருக்க வேண்டிய மாறிலி) மைனஸ்ல வந்துச்சு, மைக்ரோபோர் (2 நானோமீட்டருக்கும் குறுகலான துளை) சாம்பிளுக்கு அந்த ரேஞ்ச் ஒத்து வராதுன்னு 0.1க்கு கீழ கொண்டுவந்ததும் ப்ளஸ் ஆயிடுச்சு. ஆனா ஈக்விலிப்ரேஷன் டைமை (ஒவ்வொரு புள்ளியிலயும் பிரஷர் நிலைக்க காத்திருக்கற நேரம்) 10 செகண்ட்ல இருந்து 30 ஆக்கினா பரப்பளவு ஏறுது, லூப்பும் கொஞ்சம் ஒடுங்குது, அப்ப ரொம்ப குறுகலான துளைக்குள்ள நைட்ரஜன் மெதுவா நுழையுதோன்னு எனக்கு பலமான சந்தேகம்.

கையில இருக்கற திரவ நைட்ரஜன் இன்னும் ஒரு ரன்னுக்குத்தான் வரும். அதை டைம் இன்னும் கூட்டி ஓட்டவா, இல்ல குறுகலான துளைக்குள்ள வேகமா நுழையற கார்பன் டை ஆக்சைடுக்கு, 273 கெல்வின்ல, மாறிடவா?